வரித்தலை வாத்துகளும் மேகம் மூடிய சூரியனும்

மலையடி ஏரியில் குளிர்காலம் கழித்த வரித்தலை வாத்துகள் வடக்கே புறப்படத் தயாராயின. ஏரி வற்றிக்கொண்டிருந்தது. கரையிலிருந்த புல்லும் காய்ந்துவிட்டது. கூட்டத்தின் தலைவி செங்காலிக்கு ஒரே கவலைதான். அவளுடைய குஞ்சுகளுக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. வழியிலோ இமயமலையைத் தாண்ட வேண்டும்.

வாத்துகளின் தலைக்குள் திசை காட்டும் முள் போல ஓர் உணர்வு உண்டு. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்து புயல் கிளம்பினால் அந்த உணர்வு தடுமாறிவிடும். அதனால் மலையுச்சியில் வானம் பார்ப்பவர்களிடம் கேட்காமல் அவை கிளம்புவதில்லை.

உச்சியில் இரண்டு தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று, வில்லைகள் பொருத்திய நீண்ட குழல். அது கழுகாரின் பொறுப்பில் இருந்தது. அவர் குழலைச் சூரியன் பக்கம் திருப்பினால், எதிரே உள்ள வெள்ளைப் பாறையில் சூரியனின் உருவம் தட்டு போல விழும். புயலைக் கிளப்பும் கரும்புள்ளி அதில் இருந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கூட்டம் வாய்பிளந்து பார்க்கும்.

மற்றது வானொலித் தொலைநோக்கி. அகன்ற கிண்ணம் போல இருக்கும். வானிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடித்து ஒலியாக்கித் தரும். மேகம் அதற்குத் தடையே இல்லை. அதனடியில் தொங்கிக்கொண்டு கேட்பது கேளன் என்ற வௌவாலின் வேலை. காட்டுவதற்கு அவனிடம் படம் எதுவும் இல்லை. அதனால் அவனைத் தேடி யாரும் வருவதில்லை.

செங்காலி தன் கூட்டத்தோடு வந்த அன்று வானம் முழுக்க மேகம். கழுகார் பாறையில் கரியால் வரைந்திருந்த வட்டத்தைக் காட்டினார்.

"நன்றாகப் பார் அம்மா. ஒரு மறு உண்டா? தாராளமாகப் புறப்படு."

செங்காலிக்கு மனப்பாரம் இறங்கியது. அவள் திரும்பும்போது கேளன் கூப்பிட்டான். நேற்று சூரியன் பக்கமிருந்து பெரும் இரைச்சல் கேட்டது என்றான். அங்கே ஏதோ வெடித்திருக்கிறது, அந்தப் புயல் இங்கே வந்து சேர ஓரிரு நாள் ஆகும், அது கடந்து போகும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினான்.

"தலைகீழாகத் தொங்குகிறவன் திசையைப் பற்றிப் பேச வந்துவிட்டான்," என்றார் கழுகார். வாத்துகள் சிரித்தன. செங்காலியும் சிரித்தாள்.

"அந்தப் படம் என்றைக்கு வரைந்தது என்று கேளுங்கள், அக்கா," என்றான் கேளன்.

அவள் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கழுகாரைக் கேள்வி கேட்பது மரியாதையாகப் படவில்லை. மேகம் மூடுவதற்கு முன்பு வரைந்த படம் அது. அதன்பிறகு அவர் சூரியனைப் பார்க்கவே இல்லை. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

வாத்துகள் பறந்தன. மலைத்தொடரை நெருங்கியபோது புயல் வந்து சேர்ந்தது. காற்று அசையவில்லை, ஆனால் எல்லார் தலையும் சுற்றியது. கீழும் மேகம், மேலும் மேகம். கூட்டம் சிதறியது.

"அம்மா, வடக்கு எந்தப் பக்கம்?" என்று கடைக்குட்டி கேட்டது.

செங்காலிக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் போல ஒரு பக்கத்தைக் காட்டினாள். குஞ்சுகள் நம்பி அவளுக்கு முன்னே பறந்து போயின. அந்தப் பக்கம் பனிமுகடுகள்தான் இருந்தன.

அடுத்த குளிர்காலத்தில் செங்காலி தனியாக ஏரிக்கு வந்தாள். அன்று வாத்துகள் போனபின் மேகம் விலகியதும் கழுகார் பெரிய கரும்புள்ளிகளைப் பாறையில் காட்டினாராம். சூரியப் புயலைக் கண்டுபிடித்தவர் என்று காடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. யாரும் அவளிடம் குஞ்சுகளைப் பற்றி விசாரிக்கவில்லை.

அவள் கிண்ணத்தின் அடியில் போய் நின்றாள். "நீ இன்னும் உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"உரக்கத்தான் சொன்னேன், அக்கா," என்றான் கேளன். "நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்."

தன் கண்ணுக்கு எட்டாததை இல்லை என்று சொல்பவரை நம்பி நடந்தால், நட்டம் சொன்னவருக்கு அல்ல, நடந்தவருக்கே.