மூன்று அங்குலம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அடியும் அங்குலமும் தையலில்தான் பழக்கம். தையலில் ஒரு அங்குலம் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். கட்டடத்தில் மாற்றிச் சொல்லி, அதை நம்பி யாராவது எதையாவது கட்டிவிட்டால்? அதனால் எனக்குத் தெரிந்த அளவில் மெதுவாகச் சொல்கிறேன்.

அவினாசியில் தையல் கூடம் வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் பெண்கள். வாடகை இடத்தை விட்டு, சொந்தமாக ஒரு கூடம் கட்டி, மேலே நாங்கள் குடியிருப்பதென்று முடிவானது. துணி வெட்டும் மேசை நீளமானது. நடுவில் தூண் வேண்டாம் என்று நான்தான் கேட்டேன். அப்படியானால் இந்தக் கோடித் தூணிலிருந்து அந்தக் கோடித் தூண்வரை இருபத்து நாலடியை ஒரே பீம் தாண்டியாக வேண்டும்.

கட்டித் தந்தவர் நாச்சிமுத்து அண்ணன். காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் கோகிலவாணி மேடத்திடம் கட்டடக் கணக்குப் படிக்கப் போனார். மேடம் இன்ஜினியர், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். தலைக்கு டை அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார் என்று அவருடைய ஆட்களே கேலி செய்வார்கள். டை மச்சினிச்சி கல்யாணத்துக்கு அடித்தது என்பார் அவர்.

முழுக் கணக்குப் போடுவதற்கு முன்னால், பீம் மேலிருந்து கீழே எவ்வளவு ஆழம் வரும் என்று உத்தேசமாகச் சொல்லத் தெரிய வேண்டும். மேடத்தின் முதல் பாடம் அதுதானாம். நீளம் எத்தனை அடியோ, ஆழம் அத்தனை அங்குலம். எனக்கும் அண்ணன் சொல்லித் தந்தார். ஆனால் என் கூடத்துக்கு அவர் சொன்னது பதினெட்டு. பீம் தாழத் தொங்கினால் கூடம் இருட்டடிக்குமே என்று நான் புலம்பியிருந்தேன்.

பீமின் அடிமட்டம்வரைதான் தூணை வார்ப்பார்கள்; பீமின் ஆழம் குறைந்தால் தூண் அந்த அளவு உயரும். மேடத்திடமிருந்து முழுக் கணக்கு வருவதற்குள் ஆட்கள் கிடைத்துவிட்டதால், பதினெட்டு என்றே வைத்துத் தூண்களை வார்த்தாகிவிட்டது.

அப்புறம்தான் மேடம் பார்க்க வந்தார். தூண்களை அண்ணாந்து பார்த்தார்.

"பீம் எத்தனை அங்குலம்ணா?"

"பதினெட்டுங்க மேடம்."

மேடத்தின் பார்வை தூணை விட்டு இறங்கவில்லை. அண்ணனே பேசினார். கம்பியைக் கூட்டிப் போட்டால் தாங்கிவிடும் என்றார். உடையாமல் தாங்கலாம், ஆனால் நடுவில் தொய்யும் என்றார் மேடம். அந்த நடுவில்தான் மேசை வரும். மேசையைச் சுற்றித்தான் பெண்கள் நிற்பார்கள்.

அண்ணன் விடவில்லை. "இது உத்தேசந்தானுங்களே மேடம். முழுக் கணக்குல எப்படியும் சரியாயிரும். உத்தேசத்துல கொஞ்சம் தப்புனா என்னங்க?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

நான் கேட்கக் கூடாத ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொண்டேன். செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். சுவர் எழும்பாத இடம், பேசுவது நன்றாகவே கேட்டது.

"இந்த இருபத்து நாலடிக்கு உத்தேசமா எவ்வளவுண்ணா?"

"இருபத்து நாலு அங்குலமுங்க." அவர் யோசிக்கவே இல்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டு அண்ணனுக்கு எதிரே நிறுத்தினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது.

"இருபத்தொண்ணு போதுமுங்க."

கலவை கொட்டிக்கொண்டிருந்த சித்தாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

"மூணு அங்குலம் எங்க போச்சுண்ணா?"

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதை முழுக் கணக்கில் பிடித்துக்கொள்ளலாமே என்று மெல்லச் சொன்னார்.

"கணக்கு என் கைக்கு வர்றதுக்குள்ள தூண் நின்னுருச்சேண்ணா."

அண்ணன் ஆட்களை உளி எடுத்துவரச் சொன்னார்.

தூண்களின் தலையை அரை அடி கொத்தி எடுத்தார்கள். கம்பியில் உளி பட்டுவிடுமோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். மேடத்தின் முழுக் கணக்கு வந்த பிறகுதான் பீம் வார்த்தது. கூடம் கொஞ்சம் இருட்டுத்தான். இரண்டு விளக்குகள் கூடுதலாகப் போட்டுக்கொண்டோம்.

பிறகு மாடிக்கு அளவு சொல்ல அண்ணன் வந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கீங்க அம்மணி போறீங்க?"

அவர் அளவு சொல்லி, ஆட்கள் எழுதி, மேடத்துக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டிய பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னேன். அதுவரை தெருமுனையில், கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.