இரண்டு அங்குலம்

"கம்பெனிக்காரன் போட்டதே சரின்னா, நம்ம பட்டறை எதுக்குங்க மேடம்?"

பொன்னுரங்கம் இதைக் கேட்டபோது ரெஜினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மதுரை ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. பாலிடெக்னிக் ஒன்றில் இரண்டு நாள் செய்முறைத் தேர்வு நடத்தப் போகிறார்.

"சனிக்கிழமை காலையில வந்துடுவேன். வந்து வண்டியைப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொட வேண்டாம்ணா."

ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

பொள்ளாச்சியில் உடுமலை சாலையில் இருந்தது அந்தப் பட்டறை. கார்களுக்கு அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் அங்கே. ரெஜினாவுக்கு முப்பத்தெட்டு வயது. பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தொன்பது. நூற்பாலையில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஆலையை மூடிய பிறகு இங்கே வந்து, "கத்துக் குடுங்க மேடம்" என்று நின்றார். இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சொகுசுக் கார் நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நவநீதனுடையது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அதை இரண்டு அங்குலம் தரையோடு இறக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கான ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் வெளியூரிலிருந்து அவனே வரவழைத்துக் கொண்டுவந்திருந்தான்.

வியாழக்கிழமை மாலை அவன் மறுபடி வந்தான்.

"சனிக்கிழமை எனக்கு வண்டி வேணுமுங்க. மேடம் இல்லாம உங்களால முடியாதா?"

பொன்னுரங்கம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியாதுன்னா சொல்லுங்க. கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"முடியாதுன்னு யாருங்க சொன்னது?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றினார். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றித் துடைத்துத் தனியாக வைத்தார். புதியவை குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் அளவு வைத்து முறுக்கினார். சாயங்காலம் வண்டியை இறக்கித் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பாயப் போகிற புலி மாதிரி தரையோடு பதுங்கி நின்றது அது.

சனிக்கிழமை ரெஜினா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

திட்டுவார், கழற்றச் சொல்வார் என்று பொன்னுரங்கம் எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருந்தார். ரெஜினா பையை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"வேலை சுத்தமா இருக்குண்ணா."

அவ்வளவுதான். வசவைவிட அது கனமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு நவநீதன் வந்தான். கூடவே அவன் அம்மா பாவாத்தாள். வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அந்த அம்மாளின் மகள் டீச்சர். அவளைப் பார்க்கப் போகிறார்கள். மலை ரோடு என்றதும் ரெஜினா நிமிர்ந்தார்.

"நாங்களும் அட்டகட்டி வரைக்கும் வர்றோமுங்க. வண்டி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு பஸ்ல திரும்பிடறோம்."

"தாராளமா வாங்க!"

பொன்னுரங்கம் முன்கதவைத் திறந்தார்.

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன். நீங்க பின்னாடி உக்காருங்கண்ணா."

ஆழியாறு வரைக்கும் நல்ல சாலை. வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. நவநீதன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

"பொன்னுரங்கண்ணன் கை தங்கமுங்க மேடம்!"

பின் சீட்டில் பொன்னுரங்கம் வெட்கத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலை ஆரம்பித்தது. கூடவே தூறலும் ஆரம்பித்தது. முந்தின மாதத்து மழையில் அங்கங்கே தார் பெயர்ந்திருந்தது. முதல் பள்ளத்தில் பின்சக்கரம் விழுந்ததும் அடியிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல், கீழே இருக்கும் ரப்பர்க் கட்டையில் போய் மோதுகிற சத்தம். பொன்னுரங்கத்துக்கு அது தெரிந்தது. முன் சீட்டில் ரெஜினாவின் தலை லேசாகத் திரும்பி மறுபடி நேரானது.

இரண்டாவது பள்ளம். மூன்றாவது பள்ளம். ஒவ்வொரு அடியும் அவர் நடுமுதுகில் வந்து இறங்கியது.

தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தார். பாவாத்தாள் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஏசி ஓடும் வண்டியில் அவர் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

பொன்னுரங்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வலிக்குதுங்களாம்மா?"

அந்த அம்மாள் கண்ணாலேயே முன் சீட்டைக் காட்டினார். சொல்லாதே என்று தலையசைத்தார்.

"முதுகெலும்புல பிளேட்டு வெச்சிருக்குது. ரெண்டு வருசம் ஆச்சு. சும்மா இருங்க சாமி, பையன் ஆசை ஆசையா வாங்குன வண்டி."

"அம்மா, எப்படி இருக்கு?" முன்னாலிருந்து நவநீதன் கேட்டான்.

"நல்லாருக்குதுப்பா."

ஒரு கொண்டை ஊசி வளைவு. ஈரத்தில் வண்டியின் வால் ஒரு சாண் வழுக்கி மறுபடி பிடித்தது. நவநீதன் 'ஓ' என்று கத்தினான். பயத்தில் இல்லை, குஷியில்.

பொன்னுரங்கத்தின் வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. சொன்னால் தன் வேலை தப்பென்று ஆகும். தங்கக் கை என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறான். அட்டகட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தார். பொறுத்துக்கொள்வது தானல்ல, அந்த அம்மாள் என்பது அடுத்த பள்ளத்தில் தெரிந்தது. பாவாத்தாளிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அதை மறைக்க அவர் இருமினார்.

"வண்டியை நிறுத்துங்க."

"இங்க எங்கீங்க நிறுத்த? வளைவு வருது பாருங்க."

"நிறுத்துங்கன்னு சொல்றேனுங்க!"

வளைவிலிருந்து ஒரு பஸ் இறங்கிவந்தது. நவநீதன் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தான். சக்கரம் பள்ளத்தில் மோதித் துள்ளியது. வண்டி தரையை விட்டுப் பக்கவாட்டில் தாவியது போல இருந்தது. பொன்னுரங்கம் இரண்டு கையையும் நீட்டிப் பாவாத்தாளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் ஹாரன் காதோரம் அலறிக் கடந்தது.

வண்டி நின்றபோது ஓரத்துச் சுவருக்கும் முன்கதவுக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம்.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நவநீதன் திரும்பினான். முகம் வெளிறியிருந்தது. அப்புறம் சிவந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? கொன்னிருப்பீங்க எல்லாரையும்!"

"ஆமாங்க. வண்டியில தப்பு இருக்குதுங்க. நான்தான் செஞ்சேன். மேடம் தொட வேண்டாம்னுட்டுப் போனாங்க. நான் கேக்கல." பொன்னுரங்கம் பக்கத்து சீட்டைக் காட்டினார். "அம்மாவைப் பாருங்க."

நவநீதன் பார்த்தான். பாவாத்தாள் கண்ணை மூடியிருந்தார். இமையோரம் நீர் வழிந்தது.

"ஏம்மா... ஏன் சொல்லலே?"

"நீ சிரிச்சுட்டு ஓட்டுனியே சாமி."

அதற்கு மேல் நவநீதனால் ஓட்ட முடியவில்லை. ரெஜினா இடம் மாறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பினார். முன் சீட்டை முழுக்கச் சாய்த்து அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக அதில் படுக்க வைத்தார்கள். பொன்னுரங்கம் வண்டியில் ஏறவில்லை. மழையில் முன்னால் நடந்தார். தண்ணீர் தேங்கிய பள்ளம் எது, மேடு எது என்று காலால் துழாவிப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கம் ரெஜினா வண்டியை ஒடித்தார். பெயர்ந்த சாலை முழுக்க, ஒரு கிலோமீட்டருக்கு மேல், அப்படியே இறங்கினார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நவநீதன் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் ஆழியாறில் காத்திருந்தது.

அன்று மதியம் பட்டறையில் பொன்னுரங்கம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. ஈரச் சட்டையோடு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குப் போன் அடித்தது. ரெஜினா எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

"பிளேட்டு நகரல. எலும்புக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு வாரம் படுத்திருக்கணுமாம்."

பொன்னுரங்கம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ரெஜினா எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை நவநீதன் சொல்லியனுப்பினான், பழையதையே போட்டுவிடும்படி. இருவரும் சேர்ந்து கழற்றினார்கள்.

"மேடம்."

"ம்."

"சனிக்கிழமை காலையிலயே நீங்க தடுத்திருக்கலாமே."

"தடுத்திருந்தா கழட்டியிருப்பீங்க. எம்மேல கோவத்தோட." ரெஜினா கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தார். "பின்னாடி உக்காந்து நாலு பள்ளம் போனா உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன். அந்தம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். அது என் தப்பு."

பொன்னுரங்கம் பழைய ஸ்பிரிங்கை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினார்.

"இனிமே எந்த வண்டியிலயும் கம்பெனி போட்டதை மாத்தக் கூடாதுங்க. புரிஞ்சுபோச்சு."

"நாளன்னிக்கு ஒரு வண்டி வருது. இதே மாடல்தான். ஸ்பிரிங், ஷாக்கப்சர் ரெண்டுமே மாத்தணுமாம்."

பொன்னுரங்கம் வேலையை நிறுத்தினார். ரெஜினா விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த வண்டியில யார் யாரெல்லாம் போவாங்க மேடம்?"

ரெஜினா போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நானும் இன்னும் கேக்கலை. நீங்களே கேளுங்கண்ணா."