கொட்டிய மண்ணில் கிடைத்த ஓடு

அகழாய்வு செய்கிறவர்களுக்கு மண் இரண்டு வகை. குழிக்குள் இருக்கும் வரை அதைச் சீமான் வீட்டுப் பிள்ளை மாதிரி பிரஷ்ஷால் தடவிக்கொடுப்பார்கள். கூடையில் அள்ளி வெளியே கொட்டிவிட்டால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

பொற்கொடியும் அப்படித்தான். குழிக்குப் பொறுப்பு அவள். நான்கு மாதம் தோண்டி, ஆறாவது மண்ணடுக்கு வரை இறங்கிவிட்டாள். ஆழம் கூடக் கூடக் காலமும் பழசு; அந்த ஆழத்தில் எழுத்துள்ள பானையோடு ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், அவளுடைய ஆராய்ச்சி நிமிர்ந்து நிற்கும். கிடைக்கவில்லை. மறுநாள் குழியை மூட வேண்டும்.

அன்று மத்தியானம், கொட்டிய மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் ஒரு பானையோட்டை நீட்டினாள். அதில் மூன்று எழுத்துகள் கீறியிருந்தன.

பொற்கொடி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் தில்லைநாயகத்திடம் ஓடினாள்.

"ஐயா, ஆறாவது அடுக்குன்னு பதிவேட்டில எழுதிடவா?"

"குழியில எடுத்ததா?"

"இல்லைங்கய்யா, மண்மேட்டுல. ஆனா செம்மண் ஒட்டியிருக்கு பாருங்க. நம்ம குழியில ஆறாவது அடுக்குல மட்டும்தானே செம்மண்."

கெட்டிக்காரிதான். ஆசைப்பட்டதற்குக் காரணம் கண்டுபிடிக்கப் படித்தவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

தில்லைநாயகம் அவளையும் அழைத்துக்கொண்டு மண்மேட்டுக்கு நடந்தார். தன் பேனாவின் மூடியைக் கழற்றினார். முந்தின நாள் மழையில் நனைந்திருந்த மண்மேட்டில் அதைப் போட்டார்.

"நாலு தடவை கிளறிட்டுச் சலிம்மா" என்றார் பேச்சியம்மாளிடம்.

"நல்லா இருந்த மூடி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் சலித்தாள். மூடி சல்லடையில் வந்து நின்றது. அதைச் சுற்றிலும் செம்மண் அப்பியிருந்தது.

அவர் அதைப் பொற்கொடியின் கையில் வைத்தார்.

"இதையும் ஆறாவது அடுக்குன்னு எழுதிக்க."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"நாலு மாசம்ங்கய்யா."

"தெரியும். நானும் கூடத்தானே வெயில்ல நின்னேன்."

பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "குழிக்குள்ளதான் கெடந்துச்சுன்னு நான் வேணா சொல்றேன் தாயி" என்றாள்.

பொற்கொடி வேண்டாம் என்று தலையாட்டினாள். பதிவேட்டைத் திறந்து, 'மண்மேடு, அடுக்கு தெரியவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குவது தெரிந்தது.

"என் கண் முன்னாடி போன கூடையில இருந்ததை நானே பாக்காம விட்டுட்டேன்னு, இதைப் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியுமே ஐயா."

"தெரியட்டும். அப்பதான் நீ எழுதின மத்ததை நம்புவாங்க."