கைப்பிடி சுற்றும் கண்ணாடி

தங்கப்பழத்துக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி செத்து நாற்பத்தொரு நாள். அன்று காலை நேரே டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார்.

சலோமி டீச்சர் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கப்பழத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் குரு குருதான். ரேஷன் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவருக்கு, எது கிளட்ச் எது பிரேக் என்று தெரியாத காலுக்கு, இதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்த வண்டியை எனக்குக் குடுத்துருங்க டீச்சர்."

"பதினெட்டு வருஷக் கிழடு. ஏசி கிடையாது. ஸ்டீயரிங் கல்லு மாதிரி. பொத்தான்னு பார்த்தா ஹாரன் ஒண்ணுதான். பழைய இரும்புக்குக்கூட யோசிச்சுதான் எடுப்பான்."

"அதான் வேணும்."

கதவைத் திறந்தார். கண்ணாடிக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கண்ணாடி இறங்கியது. ஏற்றினார். மறுபடி இறக்கினார். ஒரு வாரமாக இதே வேலை. பழைய வண்டி எங்கே நின்றாலும் உள்ளே கைவிட்டுச் சுற்றிப் பார்த்தார். டாக்சி ஸ்டாண்டில் திருடன் என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

போன வண்டி மகன் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக்குப் பொத்தான். முன்னால் பெரிய ஸ்கிரீன். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வழி சொல்லும். ஐப்பசி மழையில் தரைப்பாலத்தில் வண்டிக்குள் வெள்ளம் புகுந்தது. இன்ஜின் நின்றது. பொத்தான் செத்தது. கரையில் நின்றவர்கள் கல்லெடுத்து அவர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். மனைவி இருந்த மறுபக்கம் போவதற்குள் வண்டி ஆற்றோடு போய்விட்டது.

"எட்டு சுத்து டீச்சர். எண்ணிட்டேன். கண்ணாடி முழுசா இறங்க எட்டே சுத்து. இந்த வண்டியா இருந்திருந்தா செல்லக்கனி பிழைச்சிருப்பா. மெக்கானிக்கைக் கேட்டா இருக்கலாம்ங்கான். மகன்கிட்ட கேட்டா பேச்சை மாத்துதான். நீங்க சொல்லுங்க. பிழைச்சிருப்பாளா, மாட்டாளா?"

டீச்சர் சாவியை நீட்டினார்.

"ஓட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். டீச்சர் இடப்பக்கம் ஏறினார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"கிளட்சை முழுசா மிதிங்க. பாவம், கத்துது."

கடைத்தெருவுக்குள் திரும்பினார்கள். தங்கப்பழம் வாய் ஓயவில்லை. "இது பொய் சொல்லாது டீச்சர். தன்கிட்ட உள்ளது இம்புட்டுதான்னு வெளிய காட்டிட்டு நிக்குது. அந்தப் புது வண்டி பேசுற பிசாசு. கண்ணாடியை இறக்கக்கூட அதுகிட்ட கெஞ்சணும். அதை வித்தவன், செஞ்சவன், எல்லாரையும் கோர்ட்டுக்கு இழுக்கப்போறேன்…"

"நிறுத்துங்க," என்றார் டீச்சர்.

"…ஒருத்தனையும் விடமாட்டேன். எட்டு சுத்து, டீச்சர்…"

வண்டி தானாகக் குலுங்கி நின்றது. அவர் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தார். சந்திலிருந்து பின்னோக்கி வந்த கரும்பு டிராக்டரின் பின்பலகை, பானெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

குனிந்தார். டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக். பழகுகிறவன் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பதற்கு. அவர் பழகிய காலத்தில் எத்தனையோ தடவை அவரைக் காப்பாற்றியதுதான். அதையே முறைத்துப் பார்த்தார்.

"அந்த வண்டியிலயும் இப்படி ஒண்ணு இருந்திருந்தா டீச்சர்… அவ காலடியில…"

"இருந்திருந்தா?"

"தண்ணியைப் பார்த்ததுமே மிதிச்சிருப்பா. பாலத்துல இறங்குறதுக்கு முன்னாடியே சொன்னா. வேண்டாங்க, நிறுத்துங்கன்னு. மூணு தடவை சொன்னா. ஸ்கிரீன்ல வழி போட்டிருக்கு, உனக்கு என்ன தெரியும், பேசாம வான்னுட்டேன்."

இதை அவர் மகனிடம் சொன்னதில்லை. போலீசிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். டீச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"மூணு தடவை மிதிச்சிருக்காங்களே அண்ணாச்சி," என்றார்.