திரை காட்டிய நூறு

புளோராவுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது நாற்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்திரண்டு.

சீடரின் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல், மரத்தில் தானாகவே பூ செதுக்கும் மெஷின் ஒன்றைக் கார் ஷெட்டில் கட்டியிருந்தார். இரும்புச் சட்டம், மூன்று மோட்டார், அவற்றை ஓட்ட ஒரு லேப்டாப். பக்கத்துத் தெரு புளோரா அதே மாதிரி இரண்டு செய்து ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தாள். குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் பொறுமை கிடையாது. பாராட்டு சுத்தமாகக் கிடையாது.

வெள்ளிக்கிழமை மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. பூஜையறைக் கதவுக்குத் தாமரை செதுக்கித் தருவதாகச் சம்பந்தியிடம் மார்தட்டியிருந்தார் நாச்சிமுத்து. கைவசம் இருந்தது ஒரே ஒரு தேக்குப் பலகை. அன்று புதன்கிழமை. ப்ளைவுட்டில் வெட்டிப் பார்த்த நான்கு தாமரைகளிலும் இதழ் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்.

"ஏன் அம்மணி, இது நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குது?"

என்ன செய்து வைத்தீர்கள் என்று கேட்டாள் புளோரா. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் எடுத்து வைக்க வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். கணக்குப்படி இருநூறு. நூறு மில்லிமீட்டர் போகச் சொன்னால் தொண்ணூற்றெட்டுதான் போனது. ஆகவே இருநூற்று நான்கு ஆக்கினார். மறுநாள் நூறைத் தாண்டிப் போனது. நூற்றுத் தொண்ணூற்றேழு ஆக்கினார். நான்கு நாளில் ஏழு தடவை மாற்றியாயிற்று. ஆனால் லேப்டாப் திரை ஒவ்வொரு தடவையும் சரியாக நூறு என்றுதான் காட்டியது என்றும் சேர்த்துக்கொண்டார், கோர்ட்டில் சாட்சி சொல்பவர் போல.

புளோரா மெஷினுக்குப் பின்னால் போனாள். மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். லேப்டாப் மட்டும் உயிரோடு இருந்தது.

"இப்ப நூறு போகச் சொல்லுங்ணா."

"மோட்டாருக்குக் கரண்டே இல்லையே அம்மணி."

"சொல்லுங்க."

பட்டனை அழுத்தினார். மெஷின் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. திரையில் எண்கள் ஓடின. பத்து, நாற்பது, தொண்ணூறு. நூறில் வந்து நின்று, வேலை முடிந்தது என்றது.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அம்மணி இது, கூசாமப் பொய் சொல்லுது?"

"பொய் இல்லீங்ணா. தான் சொன்னதை அது எண்ணுது. மோட்டார் போச்சா இல்லையான்னு பாக்க அதுக்குக் கண்ணா இருக்கு? மில்லுல மெஷினைத் துடைக்கச் சொல்லுவீங்க. சொன்னதுமே நோட்டுல எழுதுவீங்களா, துடைச்சதைப் பாத்துட்டு எழுதுவீங்களா?"

முப்பது வருஷ நோட்டுகளில் என்ன இருந்தது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

எண்ணை இருநூறுக்கே திருப்பி வைத்தார். பிறகு வேகத்தைப் பார்த்தார். சம்பந்தி வந்து பார்க்கும்போது மெஷின் பறக்க வேண்டும் என்று அவரேதான் அதை உச்சத்தில் வைத்திருந்தார். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மோட்டார் நடுநடுவே ஸ்டெப்பைத் தவறவிட்டிருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினார். எடுத்த எடுப்பில் பாயும் அவசரத்தையும் குறைத்தார். கத்தி இருந்த இடத்தில் பென்சிலைச் சொருகி, ப்ளைவுட்டில் ஒரு புள்ளி வைத்து, முழுத் தாமரையையும் காற்றிலேயே ஓடவிட்டார். லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

பென்சில் சுற்றிவிட்டு வந்து இறங்கியது. பூதக்கண்ணாடியோடு குனிந்தார். புள்ளி மேலேயே புள்ளி.

பத்து தடவை ஓட்டினார். பத்து தடவையும் அதே புள்ளி.

மில்லில் இரண்டாயிரம் கதிர்களிலும் நூல் அறுபடாமல் ஓடிய நாளில்கூட அவர் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த ஒரு புள்ளிக்கா நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தீர்கள் என்றாள் அவள். அதுவும் அவர் காதில் பாராட்டாகவே விழுந்தது.

வியாழக்கிழமை காலை புளோரா வந்தபோது, தேக்குப் பலகை துடைத்து மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாச்சிமுத்து புது மாப்பிள்ளை போல நின்றார். அவள் வாயால் ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது அவருக்கு.

"பத்துக்குப் பத்து, அம்மணி. தேக்கை ஏத்தலாமுங்களா?"

புளோரா ப்ளைவுட் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பாத்தது நீங்க. என்னைக் கேட்டா, நானும் உங்க லேப்டாப் மாதிரி நூறுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். பரவாயில்லீங்களா?"

நாச்சிமுத்து ப்ளைவுட்டை எடுத்து ஓரமாக வைத்தார். தேக்கைத் தூக்கி மெஷினில் கிடத்தி, நான்கு மூலைகளையும் இறுக்கினார்.