புழுவுக்குப் பேர்சூட்டல்

கத்தரிக்காயைத் துளைக்கும் புதுப் புழு ஒன்றை நம்ம நாட்டு ஆய்வுக்கூடமும் ஒரு சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கண்டுபிடித்தன. பேர் வைக்கும் உரிமையை அந்த நிறுவனத் தலைவர் பெருந்தன்மையாக நமக்கே விட்டுக்கொடுத்தார். நம்ம இயக்குநர் தாண்டவராயனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பேரை வை. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை" என்று உதவியாளர் செங்கமலத்தை மிரட்டினார்.

"வச்சிடலாம் சார். விவசாயிகளுக்கு அறிவிப்பே எழுதிட்டேன்" என்று அவள் பவ்யமாக வாசித்தாள்: "தாண்டவராயன் காய்க்குள் சுகமாக உட்கார்ந்து தின்னும். பார்த்த இடத்திலேயே நசுக்கவும். தப்பினால் குடும்பத்தோடு கொளுத்தவும்."

இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. "அந்தப் பெருமை சர்வதேச நிறுவனத் தலைவருக்கே போகட்டும்மா!"

"அவர் பேரைப் போட்டு நேத்தே அவருக்கு வாசிச்சுக் காட்டினேன் சார். அப்புறம்தான் அவருக்கு அந்தப் பெருந்தன்மையே வந்துச்சு."