மிட்டாதார் சுட்ட பன்றி

“நான் சுட்ட பன்றியைப் புருஷனும் பெண்டாட்டியுமாத் திருடித் தின்னுட்டீங்க!” என்று மிட்டாதார் ராஜரத்தினம் சமையல்காரியையும் அவள் புருஷனையும் பார்த்துக் கத்தியது கூடத்திலிருந்த புதுச் சம்பந்திகளுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

சீமையிலிருந்து வந்த ரைஃபிளை நேற்று சாயங்காலம்தான் அவர்கள் கண்ணெதிரே பரங்கித் தோட்டத்தில் சுட்டுப் பார்த்தார். ரைஃபிளுக்கு ஒரே குண்டு. அவர் வாய்க்குக் கணக்கே இல்லை. கொடிக்குள் கறுப்பாக ஏதோ ஓடியது, சுட்டார், ‘சொத்’தென்று சத்தம் வந்தது. பன்றிதான் வரவில்லை.

“மத்தியானம் அது இலைக்கு வரலைன்னா உங்க ரெண்டு பேரையும் போலீசுல பிடிச்சுக் குடுப்பேன்!”

சமையல்காரி சிட்டம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “எசமான் சுட்டதை நானே தேடி எடுத்துச் சமைச்சிடறேனுங்க. கூட வேற ஏதாச்சும் பண்ணணுங்களா?”

“என் குண்டு பட்டதைத் தவிர ஒண்ணும் இலையில விழக்கூடாது!”

அப்படியே ஆயிற்று. மத்தியானம் பரங்கிக்காய்க் கூட்டு, பரங்கிக்காய்ப் பொரியல், பரங்கிக்காய்ப் பச்சடி. சோறுகூடக் கிடையாது.

“எசமான் குறி தப்புமாங்க? நட்டநடுவுல பாய்ஞ்சிருக்கு பாருங்க,” என்று சிட்டம்மாள் குண்டு பதிந்திருந்த பரங்கிப் பத்தையைச் சம்பந்தி முன்னால் வைத்தாள். சம்பந்தியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

“யாராவது கொஞ்சம் சோறு போடுங்களேன்,” என்றார் மிட்டாதார், தலையைத் தூக்காமல்.